வளையல்களால் எழுந்த பள்ளிவாசல்

அட்சய திருதியை வந்துவிட்டால் தி.நகர் உஸ்மான் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. ஒரு கிராம் காசாவது வாங்கிவிட வேண்டும் என்று செங்கல்பட்டிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் ரயிலேறி வருகிறவர்கள் உண்டு. அப்படி வாங்கிய நகை திரும்ப வீட்டைவிட்டு வெளியே போவது பெரும்பாலும் மூன்று காரணங்களுக்காகத்தான். பிள்ளையின் காலேஜ் ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு, மகள் கல்யாணம். கழற்றிக் கொடுக்கிற பெண் ஒரு நிமிடம் கண்ணாடி முன்னால் நிற்பாள். வீட்டில் யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

தி.நகர் என்ற ஊரே 1923 வாக்கில்தான் உருவாகத் தொடங்கியது. மாம்பலம் பக்கத்து ஏரியைத் தூர்த்து, மனை போட்டு, தெரு வகுத்தார்கள். முக்கியமான தெரு ஒன்றுக்கு, பின்னாளில் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த முகமது உஸ்மானின் பெயர் வந்தது. இன்று தங்கம் விற்கும் தெரு அதுதான்.

அதே 1923-ல், பஞ்சாபின் குர்தாஸ்பூர் மாவட்டத்தில் காதியான் என்ற சிற்றூரில் பெண்கள் நகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். காலேஜ் ஃபீஸுக்கோ கல்யாணத்துக்கோ அல்ல. ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் ஒரு பள்ளிவாசல் கட்டுவதற்கு! கொடுத்தவர்களில் பெரும்பாலோர் லாகூரைத் தாண்டிப் போயிருக்க மாட்டார்கள்.

அவர்கள் அகமதியா முஸ்லிம்கள். 'காதியானிகள்' என்று சொன்னால் நம் ஊரில் பலருக்கு உடனே புரியும். ஆனால் அந்தப் பெயரை அவர்கள் ஏச்சாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அகமதியர் என்பதே அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். சென்னையில் அவர்கள் எண்ணிக்கை மிகக் குறைவு. தமிழ்நாட்டின் வேறு ஊர்களிலும் இலங்கையிலும் தமிழ் பேசும் அகமதியர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டிலேயே ஒரு குடும்பம் இருந்தாலும், மற்ற முஸ்லிம் குடும்பங்களிலிருந்து அவர்களைப் பிரித்து அடையாளம் காண முடியாது. அதே ஐந்து வேளைத் தொழுகை, அதே குர்ஆன், மக்காவை நோக்கிய அதே திசை, அதே ரமலான் நோன்பு.

பிறகு எங்கே வேறுபாடு? காதியானில் பிறந்த மிர்சா குலாம் அகமது (1835-1908) 1889-ல் லூதியானாவில் தம்மைப் பின்பற்றுவோரிடம் முதன்முதலாக உறுதிமொழி வாங்கினார். முஸ்லிம்கள் எதிர்பார்த்திருந்த மஹதியும், திரும்பி வருவதாகச் சொல்லப்பட்ட மசீஹும் தாமே என்பது அவருடைய அறிவிப்பு. இயேசு வானுக்கு உயர்த்தப்படவில்லை, காஷ்மீருக்கு வந்து இயற்கையாக மரணமடைந்தார் என்றும் சொன்னார். நபிகள் நாயகத்தோடு நபித்துவம் முற்றுப்பெற்றது என்பது உலக முஸ்லிம்களின் அடிப்படை நம்பிக்கை. அவருக்குப் பின் யார் தம்மை நபி என்று சொன்னாலும், அது எந்தப் பொருளில் சொல்லப்பட்டாலும், அவர்களால் ஏற்க முடியாது. புதிய சட்டம் எதுவும் கொண்டுவராத, நாயகத்துக்கு முழுக்கக் கட்டுப்பட்ட ஒரு நிலையே தங்கள் நிறுவனருடையது என்று அகமதியர்கள் விளக்குகிறார்கள். அந்த விளக்கம் மற்றவர்களைச் சமாதானப்படுத்தவில்லை. 1914-ல் அகமதியர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். லாகூரில் தனியாகப் போன பிரிவு, நிறுவனரை நபியாக அல்லாமல் சீர்திருத்தவாதியாக மட்டுமே ஏற்றது. இது விசுவாசத்தின் வேரைத் தொடுகிற சண்டை. வெளியில் இருப்பவர்கள் 'இவ்வளவுதானா' என்று எளிதில் சொல்லிவிடலாம். உள்ளே இருப்பவர்களுக்கு அது அப்படி இல்லை.

காதியானில் இருந்த பள்ளிவாசல்கள் எளிமையானவை. 1876-ல் மிர்சா குலாம் அகமதுவின் தந்தை கட்டியது அக்ஸா பள்ளிவாசல். 1883-ல் வீட்டை ஒட்டி எழுந்த சின்ன இடம் முபாரக் பள்ளிவாசல். அக்ஸாவின் வெள்ளை மினாராவுக்கு 1903-ல் அடிக்கல் நாட்டினார்கள். பணம் போதாமல், நிறுவனர் இறந்த பிறகுதான் அது முழுமையடைந்தது. இப்படி உள்ளூர் மினாராவுக்கே தடுமாறிய ஒரு கூட்டம், சில ஆண்டுகளிலேயே ஐரோப்பாவில் கட்டடம் கட்டக் கிளம்பியது.

1922 டிசம்பரில் அகமதியா பெண்களுக்கென்று 'லஜ்னா இமாயில்லாஹ்' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. சில வாரங்களிலேயே அதற்கு முதல் பெரிய வேலை வந்தது. அப்போதைய தலைவரான இரண்டாம் கலீஃபா மிர்சா பஷீருத்தீன் மஹ்மூத் அகமது, பெர்லின் பள்ளிவாசலுக்கு 50,000 ரூபாய் வேண்டும் என்றார். அதைப் பெண்கள் மட்டுமே தர வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. ஆண்கள் ஒரு காசும் போடக் கூடாது! அன்றைய பஞ்சாப் கிராமத்தில் பெண்ணின் கையில் ரொக்கம் ஏது? அவளுக்கென்று இருந்தது நகைதான். அது வந்தது. கேட்டதைவிட அதிகமாகவே வந்தது.

1923 ஆகஸ்டில் பெர்லினில் அடிக்கல்லும் நாட்டினார்கள். அதோடு சரி. முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் பணத்தின் மதிப்பு அப்போது பாதாளத்தில் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். ரொட்டி வாங்க நோட்டுகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோன காலம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போமே, அதேதான். கட்டுமானச் செலவு கையை மீறிப் போனது, திட்டம் கைவிடப்பட்டது. நகை விற்ற பணம் மட்டும் மிச்சம் இருந்தது.

அந்தப் பணம் லண்டனுக்குப் போனது. நகரின் தென்மேற்கில் சவுத்ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில், 1920-லேயே ஒரு வீட்டையும் பழத்தோட்டத்தையும் அகமதியா சமூகம் வாங்கி வைத்திருந்தது. 1924-ல் பேரரசின் சமயங்கள் பற்றிய மாநாட்டுக்காக லண்டன் போன இரண்டாம் கலீஃபா, அக்டோபர் 19 அன்று அந்தத் தோட்டத்தில் அடிக்கல் வைத்தார். 1926 அக்டோபர் 3-ல் 'ஃபஸல்' பள்ளிவாசல் திறக்கப்பட்டது. லண்டனில் பள்ளிவாசலாகவே திட்டமிட்டுக் கட்டப்பட்ட முதல் கட்டடம் அது.

திறப்பு விழாவிலும் ஒரு சங்கடம். சவூதி அரச குடும்பத்தின் இளவரசர் ஃபைசல் திறந்து வைப்பதாக ஏற்பாடு. அவர் லண்டன் வரைக்கும் வந்தார், விழாவுக்கு வரவில்லை. கடைசியில் ஷேக் அப்துல் காதிர் என்ற பஞ்சாப் பிரமுகர் திறந்து வைத்தார். அவர் அகமதியர் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு முஸ்லிம் விலகிக்கொண்ட இடத்தில் இன்னொரு முஸ்லிம் வந்து நின்றார்.

படங்களில் பார்த்தால் ஃபஸல் பள்ளிவாசல் ஏமாற்றம்கூடத் தரலாம். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலின் அகன்ற முற்றத்தைப் பார்த்துப் பழகிய சென்னைக் கண்களுக்கு அது ஒரு பெரிய பங்களா அளவுதான். வெள்ளைச் சுவர், ஒரு குவிமாடம், மூலைகளில் சிறிய கோபுரங்கள். உள்ளே 150 பேர் அளவுக்குத்தான் தொழ முடியும். 1933-ல் அதன் தோட்டத்தில் நடந்த கூட்டத்தில் முகமது அலி ஜின்னா பேசினார். அப்போது அவர் இந்திய அரசியலை விட்டு விலகி லண்டனில் வக்கீலாக இருந்தார். 2018-ல் பிரிட்டிஷ் அரசு அந்தக் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தது. காதியான் பெண்களின் வளையல்கள் இப்போது பிரிட்டனின் பாரம்பரியச் சொத்து.

எங்கும் ஏற்கெனவே பள்ளிவாசல்கள் இருக்கும்போது இவர்கள் ஏன் தங்களுக்கென்று தனியாகக் கட்டத் துடிக்கிறார்கள்? அதற்கான பதில் பீகாரின் முங்கேர் நகரத்தில் இருக்கிறது.

அங்கே சிலர் அகமதியராக மாறினார்கள். அதுவரை தொழுதுவந்த பள்ளிவாசலில் இனி அவர்கள் நுழையக் கூடாது என்று மற்றவர்கள் தடுத்தார்கள். வழக்கு பாட்னா உயர் நீதிமன்றம் வரை போனது. அகமதியர்கள் தரப்பில் வாதாடியவர்களில் ஒருவர் இருபதுகளில் இருந்த முகமது ஜஃபருல்லா கான். பிற்காலத்தில் பாகிஸ்தானின் முதல் வெளியுறவு அமைச்சரானவர், ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்குத் தலைவராகவும் இருந்தவர். 1916-17-ல் நடந்த இந்த வழக்கில் நீதிமன்றம் சொன்னது இரண்டு விஷயம். அகமதியர்கள் முஸ்லிம்களே, அவர்கள் அந்தப் பள்ளிவாசலுக்குள் போய், அங்கே வழக்கமாகத் தொழுகை நடத்தும் இமாமின் பின்னால் நின்று தொழலாம். ஆனால், தங்களுக்கென்று ஓர் இமாமை வைத்துத் தனி ஜமாஅத்தாக அங்கே தொழ முடியாது.

ஜெயித்தது போல இருக்கிறது அல்லவா? சிக்கல் என்னவென்றால், தங்கள் நிறுவனரை ஏற்காத இமாமின் பின்னால் நின்று தொழுவதில்லை என்பது அகமதியர்களின் கொள்கை. சட்டம் திறந்துவிட்ட கதவு வழியாக நுழைய அவர்களுடைய கொள்கை விடாது. கொள்கை கேட்கும் கதவைச் சட்டம் திறக்காது. பத்துக் குடும்பம் இருந்தாலும் சொந்தமாக ஒரு பள்ளிவாசல் வேண்டும் என்ற தவிப்பு இங்கிருந்துதான் புரிகிறது. மற்ற முஸ்லிமுக்கு வெளியூர் போனால் எந்தத் தெருவில் பாங்கு கேட்டாலும் போய் வரிசையில் நிற்கலாம். அகமதியருக்கு அது வாய்ப்பதில்லை. தங்கள் இமாமின் பின்னால் தோளோடு தோள் நிற்க ஓர் இடம், வெள்ளிக்கிழமை கூட ஓர் இடம், நிக்காஹ் நடத்த ஓர் இடம் என்று எல்லாமே அந்த ஒரே கட்டடத்துக்குள்தான்.

இதே கேள்வி சென்னைக்கும் வந்தது. வந்த விதம் மட்டும் வேறு, ஒரு பெண்ணின் கல்யாண வாழ்க்கை வழியாக.

மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கே ஒரு மாப்பிள்ளை முஸ்லிம் அகமதியாவில் சேர்ந்தார். அவர் இஸ்லாத்தை விட்டே போய்விட்டார், எனவே அவருடைய நிக்காஹ் முறிந்துவிட்டது என்று மற்றவர்கள் முடிவு செய்தார்கள். அவர் மனைவிக்கு வேறொருவரோடு திருமணம் நடந்தது. கணவர் உயிரோடு இருக்கையில் நடந்த இரண்டாவது திருமணம் குற்றம் என்று வழக்கு வந்தது. குற்றமா இல்லையா என்பது ஒரே ஒரு கேள்வியில் தொங்கியது. அகமதியர் முஸ்லிமா, இல்லையா? முஸ்லிம் என்றால் முதல் நிக்காஹ் உயிரோடு இருக்கிறது. இல்லை என்றால் அவள் சுதந்திரமானவள்.

பாரிமுனைக்குப் பக்கத்தில் இன்றும் சிவப்பாக நிற்கும் அந்த உயர் நீதிமன்றக் கட்டடத்தில், 1922-ல், ஓல்ட்ஃபீல்ட், கிருஷ்ணன் என்ற இரண்டு நீதிபதிகள் இதற்கு விடை சொன்னார்கள். ஒருவர் ஆங்கிலேயர், ஒருவர் இந்து. இறைவன் ஒருவனே, முகமது அவனுடைய தூதர் என்ற அடிப்படையை ஏற்கிற வரைக்கும் அகமதியர்கள் இஸ்லாத்தின் ஒரு பிரிவினரே, மதம் மாறியவர்கள் அல்லர் என்பது தீர்ப்பின் சாரம். சட்டப் புத்தகங்களில் 'நரந்தகத் அவுல்லா எதிர் பரக்கல் மம்மு' என்று இன்றும் அது மேற்கோள் காட்டப்படுகிறது.

அந்தத் தலைப்பில் இருப்பது இரண்டு ஆண்களின் பெயர்கள். கணவனின் மனமாற்றத்தைக் காரணம் காட்டி ஊர் ஒரு நிக்காஹை முறித்தது, நீதிமன்றம் அந்த முறிவு செல்லாது என்றது. இரண்டு முடிவுகளையும் வாழ்ந்து பார்க்க வேண்டியிருந்தவள் அந்த மனைவி. ஒரு சமூகத்துக்கு அங்கீகாரம் கொடுத்த தீர்ப்பே ஒரு பெண்ணைச் சங்கடத்தில் நிறுத்தியது என்பதை அகமதியர் தரப்பும் எதிர்த்தரப்பும் அதிகம் பேசுவதில்லை.

1970-ல் கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் முன்பும் இதே கேள்வி வந்தது. அவரும் அகமதியர்கள் முஸ்லிம்களே என்றுதான் சொன்னார்.

எல்லை தாண்டினால் கதையே மாறுகிறது. பிரிவினையில் காதியான் இந்தியாவில் தங்கிவிட்டது. பெரும்பாலோர் பாகிஸ்தானுக்குப் போய் ரப்வா என்ற புதிய ஊரை அமைக்க, புனித இடங்களைக் காக்க 313 பேர் மட்டும் காதியானிலேயே இருந்தார்கள். போனவர்களை 1974-ல் பாகிஸ்தான் அரசியல் சட்டத் திருத்தம் முஸ்லிம் அல்லாதோர் என்று அறிவித்தது. 1984-ல் வந்த அவசரச் சட்டத்தின்படி அவர்கள் தங்கள் தொழுமிடத்தைப் 'பள்ளிவாசல்' என்று சொல்வதே குற்றம், பாங்கு சொல்வதும் குற்றம். சுவரில் எழுதியிருந்த கலிமாவை அழித்தார்கள், மினாராக்களை இடித்தார்கள். 1979-ல் இயற்பியல் நோபல் வாங்கிய அப்துஸ் ஸலாம் அகமதியர்தான். ரப்வாவில் உள்ள அவருடைய கல்லறையில் 'முஸ்லிம்' என்ற சொல்லை மட்டும் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். அந்த 1984-ல்தான் நான்காம் கலீஃபா நாட்டைவிட்டு லண்டன் போனார். வளையல்களில் எழுந்த ஃபஸல் பள்ளிவாசல் 35 ஆண்டுகள் உலக அகமதியர்களின் தலைமையகமாக ஆனது அப்படித்தான்.

இந்தியாவில் அந்த மாதிரிச் சட்டம் கிடையாது. ஆனால் சட்டம் கையெழுத்துப் போட்ட இடத்தில் ஊர் கையெழுத்துப் போட வேண்டும் என்று கட்டாயமில்லையே. 2009-ல் சென்னையில் ஓர் அகமதியா பெண் இறந்தார். ராயப்பேட்டை கபரஸ்தானில் அடக்கம் நடந்தது. அவர் அகமதியர் என்று தெரிந்ததும் எதிர்ப்பு எழுந்தது. அடக்கம் செய்த உடலைத் திரும்பத் தோண்டி எடுத்து வேறோர் இடத்தில் புதைத்தார்கள். 1922-ல் தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்துக்கும் அந்த கபருக்கும் சில கிலோமீட்டர்தான். எதிர்த்தவர்கள், எங்கள் சமயத்தின் எல்லை எது என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லையா என்று கேட்கலாம். நம்பிக்கை அளவில் அது நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு தாயை, ஒரு மகளை மண்ணில் வைத்துவிட்டு வீடு திரும்பிய குடும்பத்துக்கு மறுபடி மண்வெட்டிச் சத்தம் கேட்கவைப்பதற்கு அந்த உரிமை போதாது.

2023-ல் ஆந்திர வக்ஃபு வாரியம் அகமதியர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்று தீர்மானம் போட்டபோது, மத்தியச் சிறுபான்மை நல அமைச்சகம் அந்த மாநில அரசுக்குக் கடிதம் எழுதி அதைக் கண்டித்தது. ஒருவருடைய மதம் எது என்று தீர்மானிக்க வக்ஃபு வாரியத்துக்கு அதிகாரம் இல்லை என்றது. 1922-ன் கேள்வி நூறு வருடம் கழித்தும் அப்படியே நிற்கிறது.

இலங்கையில் ஒரு பள்ளிவாசல் வேறொரு வேலை பார்த்தது. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளில் நீர்கொழும்பு தேவாலயமும் சிதறியது. ஊரின் கோபம் அங்கே வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தான் அகதிகள் மேல் திரும்பியது. அவர்களில் பெரும்பாலோர் அகமதியர்கள்; தங்கள் நாட்டில் முஸ்லிம் இல்லை என்று துரத்தப்பட்டவர்கள், இங்கே முஸ்லிம் என்பதற்காக வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் நீர்கொழும்பு அகமதியா பள்ளிவாசலில் தஞ்சம் புகுந்தார்கள். தொழுகைப் பாய்கள் விரித்த கூடத்திலேயே குழந்தைகளைத் தூங்கவைத்தார்கள். வாசலில் ராணுவக் காவல்.

காதியான் பெண்கள் தொடங்கி வைத்த பழக்கம் விடவில்லை. 1955-ல் ஹேக் நகரப் பள்ளிவாசல், 1967-ல் கோபன்ஹேகன் பள்ளிவாசல் இரண்டுமே அகமதியா பெண்களின் பணத்தில் எழுந்தவை. பெர்லின் மட்டும் பாக்கி இருந்தது. ஒரு தலைமுறை போய், இன்னொன்றும் போய், அந்த நகரமே இரண்டாகப் பிளந்து திரும்ப ஒன்றான பிறகு, பழைய கிழக்கு பெர்லின் பகுதியான ஹைனர்ஸ்டார்ஃபில் மனை வாங்கினார்கள். அக்கம்பக்கத்தினர் ஊர்வலம் போய் எதிர்த்தார்கள். கிழக்கு பெர்லின் பகுதியில் அதற்கு முன் பள்ளிவாசலே இருந்ததில்லை.

இந்த முறையும் செலவின் பெரும்பகுதியைப் பெண்களே கொடுத்தார்கள். வரைபடம் போட்டவர் முபஷ்ரா இலியாஸ் என்ற பெண் கட்டடக் கலைஞர். நபிகள் நாயகத்தின் முதல் மனைவி, மக்காவில் சொந்தமாக வணிகம் நடத்தியவர், கதீஜா. அவர் பெயரையே பள்ளிவாசலுக்கு வைத்தார்கள். 2008 அக்டோபரில் அது திறக்கப்பட்டது. காதியானில் பெண்கள் வளையல்களைக் கழற்றி 85 ஆண்டுகள் ஆகியிருந்தன.